முப்பதண்ணனின் பூஜ்ய நாள்

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முப்பதண்ணன் என்றால்தான் தெரியும். எலிக்கூடத்துக்குப் பொறுப்பாளர். காலை ஏழு மணிக்கு வெள்ளை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போவார். கூண்டு கூண்டாக மூடியைத் தூக்கி, எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ணுவார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பிறகு தாளில் குறிப்பார். கதிர் பட்ட நாளிலிருந்து முப்பது நாள்வரை இந்த எண்ணிக்கை ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. பதினெட்டு வருஷமாக முப்பது முப்பதாக எண்ணிக்கொண்டிருந்தவருக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

அங்கே நடந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அளவுக்கு மேல் கதிர்வீச்சு பட்டால் சுண்டெலி பிழைக்காது. ஆனால் அந்த அளவு எது என்பது கதிரை மட்டும் பொறுத்ததல்ல. அரை மணி நேரம் முன்னால் கந்தகம் சேர்ந்த ஒரு ரசாயனத்தை ஊசியில் ஏற்றினால், சாகவேண்டிய எலி தாங்கிவிடும். ஒரு நாள் முன்னால், செத்த கிருமிகளின் மேலோட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் செலுத்தினாலும் தாங்கும். இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. வயது தள்ளினால், மிரண்டுபோனால், குடிக்கிற தண்ணீரில் கிருமி இருந்தால், தாங்கவேண்டிய எலியும் தாங்காது. இதையெல்லாம் அளந்து வைத்தால் கதிர் சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளுக்கு என்றைக்காவது பயன்படும் என்பது டாக்டரம்மாவின் நம்பிக்கை. அவர்தான் ஆய்வகத்தின் தலைவி. நான் அவரிடம் ஆராய்ச்சி மாணவன்.

கதிர் காட்டும் நாளைப் பூஜ்ய நாள் என்போம். மறுநாள் ஒன்று. நாலைந்து நாளில் குடல் கெட்டு எலிகள் மெலியும். பத்திலிருந்து பதினைந்துவரை ரத்தம் வற்றும் காலம். கிருமியை எதிர்க்க உடம்பில் ஆள் இருக்காது. அதைத் தாண்டிவிட்ட எலி பெரும்பாலும் முப்பதைப் பார்த்துவிடும்.

முப்பதண்ணன் இந்தக் கணக்கை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார். அவர் மனைவி பதினோரு வருஷமாகக் கடல் தாண்டி, படுத்த படுக்கையாக இருக்கும் ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. அதுவும் முப்பது நாள்தான்.

"அவ வந்து இறங்குற அன்னைக்குப் பூஜ்ய நாள்," என்பார். "நாலு, அஞ்சுல தண்ணி ஒத்துக்காம வயிறு கெடும். பத்துலேர்ந்து பதினஞ்சுதான் கண்டம். அப்பத்தான் சண்டை வரும். அதைத் தாண்டிட்டா முப்பது வரைக்கும் ஓடிடும்."

"எலிக்கும் அதே கணக்குதானேண்ணே?"

"எலி பரவால்லப்பா ஆராய்ச்சி. கடிச்சா கையோட போச்சு."

என்னை அவர் 'ஆராய்ச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

சிரித்துக்கொண்டு சொல்வாரே ஒழிய, அவர் போட்டு வைத்திருந்த இன்னொரு கணக்கை ஒரு நாள்தான் சொன்னார். பதினோரு வருஷத்தில் அண்ணி ஐந்து தடவை வந்துபோயிருக்கிறார். நூற்றைம்பது நாள். அதில் காலையில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பாத நாள் ஒன்றுகூட இல்லை. எலிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஆறாவது தடவை வருவதற்கு முன்னால் அண்ணி போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கேயும் கூட்டிட்டுப் போக வேணாங்க. கண்ணு முழிக்கிறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும். அங்கி, முகமூடின்னு ஓடக் கூடாது. சும்மா வீட்டுல இருக்கணும்."

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். அந்தச் சமயம் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கவிருந்தது. நாட்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். அண்ணி வரும் நாள் எலிகளுக்கு எட்டாம் நாள். எலிகளின் முப்பது முடிகிற அன்று அண்ணிக்கு இருபத்திரண்டு. மிச்சம் எட்டு நாள். டாக்டரம்மா லீவுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் அதை எண்ணிக்கை அட்டையின் கடைசித் தாளுக்கு அடியில் செருகி வைத்தார். தினமும் காலையில் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்தும் இடம். அந்த மாதம் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தார், ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தார், இரண்டாவது தலையணையை உறையிலிருந்து எடுத்து வெயிலில் போட்டார். அண்ணி வருகிற வருஷத்தில் மட்டுந்தான் அந்தத் தலையணை வெயிலைப் பார்க்கும்.

இனிச் சொல்லப்போவது தண்ணீர்ப் பாட்டிலைப் பற்றி.

எலிக்கூடத்தின் கதவில் அண்ணன் தன் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தார். 'ஊற்றாதே. மாற்று.' அவ்வளவுதான் அதில். எலி குடிக்கும்போது அதன் வாயிலிருந்து கொஞ்சம் பாட்டிலுக்குள் திரும்பிப் போகும். பாதி காலியான பாட்டிலில் மேலே புதுத் தண்ணீரை ஊற்றினால் கண்ணுக்கு நிறைந்திருப்பதாகத் தெரியும். அடியில் வழுவழுவென்று கிருமி வளர்ந்துகொண்டிருக்கும். நல்ல எலிக்கு அது ஒன்றும் செய்யாது. கதிர் பட்ட எலிக்கு எமன். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய பாட்டிலை எடுத்துவிட்டு, நீராவிப் பெட்டியில் வெந்து ஆறிய வேறு பாட்டிலில், சில துளி அமிலம் சேர்த்த தண்ணீரை நிரப்பி மாட்டவேண்டும்.

முப்பத்திரண்டு கூண்டு. கூண்டுக்கு ஐந்து எலி. கூண்டுகளில் நிற அட்டை மட்டும் தொங்கும், எந்த நிறத்துக்கு எந்த ஊசி என்று அதில் எழுதியிருக்காது. சிவப்பு வெறும் உப்புத் தண்ணீர். மஞ்சள் கந்தக ரசாயனம். பச்சை கிருமி ஓடு. நீலத்துக்கு இரண்டும். ஒரு வரிசைக்கு ஒரு நிறம், எட்டு எட்டுக் கூண்டு. அண்ணன் எப்போதும் சிவப்பில் தொடங்கி நீலத்தில் முடிப்பார்.

அண்ணி வந்த சனிக்கிழமை, சாயங்காலம் வரவேண்டிய விமானம் மத்தியானமே வந்துவிட்டது. இடையில் வேறு விமானத்துக்கு மாற்றி ஏற்றிவிட்டார்களாம். மூன்று வரிசை முடிந்து நீலம் மிச்சம் இருந்தபோது போன் அடித்தது.

"நான் வந்துட்டேங்க. ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறேன். உங்களைக் காணோமே?"

ஐந்து தடவையும் அந்த வாசலில் அவருக்கு முன்னால் போய் நின்றவர். நீராவிப் பெட்டியைப் பார்த்தார். நீலத்துக்கான எட்டுப் பாட்டிலும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தன. ஆற முக்கால் மணி நேரம் ஆகும். ஜக்கில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். கூண்டுகளில் தொங்கிய பழைய எட்டுப் பாட்டிலிலும் மேலாக ஊற்றினார். 'ஊற்றாதே' என்று தான் எழுதிய அட்டையைத் தாண்டி ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணியபோது நூற்றறுபதில் ஒன்றுகூடக் குறையவில்லை. திங்கட்கிழமை எல்லாப் பாட்டில்களையும் முறையாக மாற்றிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் நீலத்தில் மூன்று செத்துக் கிடந்தன. பதின்மூன்றில் ஏழு. பதினாலில் ஒன்பது. மற்ற நிறங்கள் எதிர்பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தன. சுவரில் தொங்கிய வரைபடத்தில் தினமும் கோடு போடுவது என் வேலை. நீலக்கோடு மாடிப்படி மாதிரி இறங்கியது. டாக்டரம்மா அதன் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்பாராதது எதைக் கண்டாலும் அவருக்கு அந்தப் பழக்கம்.

"தனித்தனியா ரெண்டும் காப்பாத்துது. சேர்த்துக் குடுத்தா கொல்லுது. இதை யாரும் இதுவரைக்கும் பார்த்ததில்லைப்பா!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஆய்வேட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணன் வாளியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கோடு எங்க போகும், ஆராய்ச்சி?"

"பேப்பராப் போகும்ணே. உலகம் பூரா படிப்பாங்க."

"படிச்சுட்டு?"

"சேர்த்துக் குடுக்குற யோசனை யாருக்காவது இருந்தா விட்டுடுவாங்க. ஆபத்துன்னுதானே காட்டியிருக்கோம்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார்.

அன்று வீட்டில் நடந்ததை வெகுகாலம் கழித்து அண்ணிதான் சொன்னார். அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"என்னங்க, ஆறாம் நாளே மூஞ்சியத் தூக்கிட்டீங்க? கண்டம் பத்துலதானே?"

சொன்னார். ஜக்கு, குழாய், எட்டுப் பாட்டில், எல்லாவற்றையும்.

"சரி, லீவு முடிஞ்சு போய்ச் சொல்லுங்க. அதுக்குள்ள என்ன குடி முழுகிப்போச்சு?"

"பக்கத்து ரூம்ல அடுத்த கூட்டம் தயாரா இருக்கு. பத்து வாரத்து எலி. இப்பவே சொன்னா அதை வச்சுத் திருப்பிச் செய்யலாம். ஒரு மாசம் தள்ளினா வயசு ஏறிடும், கணக்கு நிக்காது. புதுசா வளர்த்து எடுக்க நாலு மாசம். அதுக்குள்ள அந்தம்மா எழுதி அனுப்பிடுவாங்க."

"இப்பச் சொன்னா?"

"புதுப் பூஜ்ய நாள். எட்டு நாள் போயிடும்."

"வேற ஆளே இல்லையா உங்க ஆபீஸ்ல?"

"கை மாறுனா எலி மிரளும். மிரண்டா அதுவும் கணக்குல வந்துடும்."

அண்ணி எழுந்துபோய், ஏற்கனவே இஸ்திரி போட்டிருந்த சட்டையை எடுத்து மறுபடியும் இஸ்திரி போட ஆரம்பித்தாராம். "நான் என்ன எட்டு வருஷமா கேட்டேன்? எட்டு நாள்தானே. எலிக்கு மிரட்சி வருது, கவலைப்படுறீங்க. எனக்கு வராதா?"

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தாராம். "சொல்லாம இருந்துடலாம்," என்றார். "எட்டு நாளும் வீட்டுலதான் இருப்பேன். ஆனா நீ கண்ணு முழிச்சா, பக்கத்துல நானும் இருப்பேன், அந்தப் பத்தொம்பது எலியும் இருக்கும்."

அண்ணி விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு அண்ணன் எழுந்தபோது நாற்காலியில் அந்தச் சட்டை மடித்து வைத்திருந்தது.

டாக்டரம்மாவிடம் அவர் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். நின்றபடியே, எண்ணிக்கை ஒப்பிப்பது போலச் சொன்னார். "எட்டுக் கூண்டு. சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து திங்கட்கிழமை காலை வரைக்கும். மாத்தல, ஊத்தினேன். தண்ணியும் குழாய்த் தண்ணி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "முப்பது, நீங்களா?"

"நான்தாம்மா."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பிற்பகலில் ஒரு செத்த எலியின் ரத்தத்தைத் தட்டில் வளர வைத்தோம். மறுநாள் பச்சையாகப் படர்ந்திருந்தது, தண்ணீரில் வளரும் அதே கிருமி. நீலம் தன் மருந்தால் சாகவில்லை.

"லீவு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அண்ணன் அட்டையின் கடைசித் தாளுக்கு அடியிலிருந்து உருவி மேஜையில் வைத்தார்.

"நான் பாத்துக்கிறேன்ணே," என்றேன். "எண்ணத் தெரியாதா எனக்கு?"

"உனக்குக் கை நடுங்கும்பா. ஊசி போடுறப்பவே பார்த்திருக்கேன். எலி அதைக் கண்டுபிடிச்சுடும்."

"கை மாறக் கூடாதுன்னு நானே சொல்லிக் குடுத்தேன், இப்ப எனக்கே திருப்பி வருது," என்றார் டாக்டரம்மா. லீவுத்தாளைக் கிழிக்காமல் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எலிக்கூடத்துக்குள்ள வெளியாளு வரக் கூடாது. காரிடார்ல யாராவது நின்னா எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

புதுக் கூட்டம் ஒரு வாரம் கூண்டில் பழகியது. அண்ணியின் பதினைந்தாம் நாள் அவற்றுக்குப் பூஜ்ய நாள்.

எலிக்கூடக் கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. அண்ணியின் இருபத்துமூன்றாம் நாள், அதாவது அண்ணனின் லீவு தொடங்கியிருக்கவேண்டிய நாள், ஏழு மணிக்கு நான் வந்தபோது அந்தக் கண்ணாடிக்கு வெளியே அண்ணி நின்றுகொண்டிருந்தார். நல்ல புடவை, தோளில் பை. கையில் இரண்டு பேருக்கு டீ உள்ள பிளாஸ்க்.

"என்ன அண்ணி, இங்க?"

"கண்ணு முழிச்சா பக்கத்துல இருக்கணும்னு கேட்டேன். அவர் கிளம்புறார். நானும் கிளம்பிட்டேன். யார் பக்கத்துல யார் இருந்தா என்ன?"

உள்ளே அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. நீலம் முடிந்ததும் கதவுப் பக்கம் திரும்பி, உறை போட்ட இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். மூடி விரித்தார். மூடி விரித்தார். இன்னும் ஒரு தடவை. நாற்பது.

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு அவரும் நாலு தடவை விரித்துக் காட்டினார்.

எட்டு நாளும் அப்படித்தான். மத்தியானம்வரை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் பாட்டில் மாற்றும்போது எழுந்து நின்று பார்ப்பார். போகிறவர்கள் வருகிறவர்களிடம் "நீலம் எல்லாம் சவுக்கியம்" என்று செய்தி சொல்வார். எலிகளின் பன்னிரண்டாம் நாள் மூன்று தடவை விரித்துவிட்டு நாலாவது தடவை ஒரு கட்டைவிரலை மடக்கினார் அண்ணன். முப்பத்தொன்பது. அண்ணி என் பக்கம் திரும்பி, "ஒன்னுதானே தம்பி? பாட்டில்ல ஒன்னும் இல்லையே?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து அந்த ஆய்வகத்தில் ஓர் எலிக்காக யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அண்ணியின் முப்பதாம் நாள் காலை பத்தரைக்கு விமானம். எலிகளுக்குப் பதினைந்து. அண்ணனால் வழியனுப்பப் போக முடியாது. ஏழு மணிக்குத்தான் எண்ணிக்கை, அதை முன்னால் தள்ளவும் முடியாது, பின்னால் தள்ளவும் முடியாது. அண்ணி பெட்டியை இழுத்துக்கொண்டு காரிடாருக்கே வந்துவிட்டார். கீழே வாடகைக் கார் நின்றது. அன்றைக்கு நானே போய், "ஒரு நிமிஷம் வெளிய வந்துட்டுப் போங்கண்ணே" என்று கண்ணாடியைத் தட்டினேன். அவர் தலையை ஆட்டினார். வெளியே வந்தால் அங்கியைக் கழற்றவேண்டும், கழற்றினால் மறுபடி குளித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அதற்குள் ஏழு தாண்டிவிடும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். மூன்று தடவை எண்ணினார். திரும்பினார். முப்பத்தெட்டு என்று காட்டினார்.

அண்ணி கண்ணாடிக்கு மிக அருகில் போய்த் தன் கைகளை விரித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு நிறுத்திவிட்டார். அண்ணன் நாலாவது தடவைக்குக் காத்திருந்தார். பிறகு அது வராது, அது அண்ணியின் முப்பது என்று அவருக்குத் தெரிந்தது. உறை போட்ட கையைக் கண்ணாடியின் உட்புறத்தில் வைத்தார். காரின் ஹாரன் கேட்டது. அண்ணி பெட்டியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். பெட்டிச் சக்கரம் ஒவ்வொரு படியாக இடிக்கும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. அண்ணன் நீராவிப் பெட்டியிலிருந்து ஆறிய பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாக நிரப்ப ஆரம்பித்தார். அன்று மாற்றும் நாள்.

மறுநாளும் எண்ணி முடித்துக் கதவுப் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். வெளியே நான் நின்றிருந்தேன். பாதியில் இறக்கிக்கொண்டார்.

எலிகளின் முப்பதாம் நாள் நீலத்தில் முப்பத்தேழு உயிரோடு இருந்தன. நாலு நிறத்திலும் அதுதான் அதிகம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்றாகக் காப்பாற்றுகிறது. முதலில் நாங்கள் எழுதவிருந்ததற்கு நேர் எதிர்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது நான் இருக்கும் நாட்டில்தான் அண்ணியும் இருக்கிறார். ரயிலில் இரண்டு மணி நேரம். பார்த்துக்கொண்ட அம்மாள் இறந்துபோய் இப்போது வேறு ஒருவர் வீட்டில் வேலை. என் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் பயப்படும்போதெல்லாம் அவருக்குத்தான் போன் போடுவேன். போன மாதம் பார்க்கப் போனபோது அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன பாஷைல இருக்கு? எனக்குப் படிச்சுச் சொல்லுங்க தம்பி. முழுசும் வேணாம். தண்ணி வர்ற இடம் மட்டும்."

செய்முறைப் பகுதியில், ஐந்தாவது பத்தியில், ஒரே ஒரு வாக்கியம். தமிழில் மாற்றிச் சொன்னேன்: "விலங்குகளின் தண்ணீர்ப் பாட்டில்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றப்பட்டன."

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை சொன்னேன்.

"நான் வெளிய நின்னது போடலையா?"

"அதெல்லாம் போட மாட்டாங்க அண்ணி."

"போட்டிருக்கலாம். அதுவும்தானே காப்பாத்துற ஊசி மாதிரி," என்று சிரித்தார். பிறகு மேஜையிலிருந்த காலண்டரைத் தன் பக்கம் திருப்பி, அடுத்த லீவுவரை உள்ள நாட்களை விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார். அண்ணன் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அதற்கு முன்னால் அண்ணிக்கு ஒரு லீவு மிச்சம் இருக்கிறது. அது எந்த எலிகளுடைய எந்த நாளில் விழுமோ, இன்னும் தெரியவில்லையாம். எண்ணி முடித்ததும் நம்பினாரோ இல்லையோ, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். பிறகு மூன்றாவது தடவையும்.